பழைய கேமரா, புதிய கம்ப்யூட்டர்: உள்ளே இருக்கும் படங்களை எடுப்பது எப்படி?

2000-க்கும் 2012-க்கும் நடுவே வாங்கிய டிஜிட்டல் கேமராக்கள் பல வீடுகளில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. போனிலேயே நல்ல கேமரா வந்ததும் அவை பீரோவுக்குள் போய்விட்டன. அந்தக் காலத்துப் படங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதற்கு முந்தைய ஃபிலிம் படங்களுக்கு ஆல்பமும் நெகட்டிவும் இருந்தன. அதற்குப் பிந்தைய போன் படங்கள் பெரும்பாலும் தாமாகவே இணையத்தில் ஒரு நகலை வைத்துக்கொள்கின்றன. நடுவில் வந்த படங்களை மட்டும் யாரும் அதிகம் பிரிண்ட் போடவில்லை. அவை இணையத்திலும் ஏறவில்லை. ஒரு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம், இன்று நம்மோடு இல்லாத ஒரு பெரியவரின் சிரித்த முகம், எல்லாவற்றுக்கும் அந்தக் கேமராவுக்குள் இருக்கும் கார்டுதான் ஒரே பிரதியாக இருக்கக்கூடும்.

அதைப் புது லேப்டாப்பில் செருகினால் பொதுவாக மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்றுமே நடக்காமல் இருக்கும். அல்லது, இந்த யு.எஸ்.பி. சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்று விண்டோஸ் அறிவிக்கும். அல்லது கேமராவின் பெயர் திரையில் வரும், திறந்து பார்த்தால் உள்ளே காலியாக இருக்கும். இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று பலர் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கேமரா நன்றாகத்தான் இருக்கும். பேட்டரி, கேமராவின் அமைப்பு, கேபிள், போர்ட், சாதனத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருளான டிரைவர் என்று இடையில் இருக்கும் ஏதோ ஓர் இடத்தில்தான் கோளாறு.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். கார்டை ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டால், எந்த நிலையிலும் ஆம் என்று சொல்லாதீர்கள். இரண்டாவது, கேமராவின் மாடல் பெயரோடு டிரைவர் என்று இணையத்தில் தேடாதீர்கள். கோடாக் நிறுவனம் 2012-ல் டிஜிட்டல் கேமரா தயாரிப்பையே விட்டு விலகியது. ஒலிம்பஸின் கேமரா பிரிவு 2021-ல் வேறொரு நிறுவனமாகிவிட்டது. இப்படிக் கைவிடப்பட்ட மாடல்களைத் தேடும்போது, டிரைவர் தருவதாகச் சொல்லித் தேவையற்ற மென்பொருளை ஏற்றிவிடும் தளங்கள்தான் முன்னால் வந்து நிற்கும். அந்த மாதிரி எதையும் இறக்க வேண்டிய தேவை அநேகமாக உங்களுக்கு வராது.

கார்டை வெளியே எடுக்க முடிகிறதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டைக் கேமராவிலிருந்து கழற்ற முடியும் என்றால், கேபிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு கார்டு ரீடர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சிறு பொருள், பேட்டரி, கேபிள், கேமரா அமைப்பு, டிரைவர் என்ற அத்தனை தொல்லைகளையும் ஒரே அடியில் ஒதுக்கிவிடுகிறது. கேமரா ஆன் ஆகாவிட்டால்கூடக் கவலையில்லை. படங்கள் கார்டில்தான் இருக்கின்றன. கேமராவுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பது கார்டுக்குத் தெரியாது.

எந்த ரீடர் என்பது கார்டின் வகையைப் பொறுத்தது. மிகப் பரவலாக இருப்பது எஸ்.டி. கார்டு. ஸான்டிஸ்க், மட்சுஷிதா, தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1999-ல் கொண்டுவந்தது. உங்கள் கேமராவில் இருப்பது 256 எம்.பி. கொண்ட பழைய கார்டாக இருந்தாலும் இன்று கடையில் வாங்கும் எஸ்.டி. ரீடர் அதைப் படித்துவிடும்.

ஆனால் புதுக் கார்டைப் பழைய கேமராவிலோ பழைய ரீடரிலோ போட்டால் வேலை செய்யாமல் போகலாம். ஆரம்ப கால எஸ்.டி. கார்டின் உச்ச அளவு 2 ஜி.பி. அதற்கு மேல் 32 ஜி.பி. வரை போகும் எஸ்.டி.எச்.சி. என்ற வகை 2006-ல் வந்தது. அதையும் தாண்டிய எஸ்.டி.எக்ஸ்.சி. 2009-ல் அறிவிக்கப்பட்டது. மூன்றும் பார்வைக்கு ஒரே அளவு, ஒரே உருவம். போனில் இருந்த 64 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி.யை அடாப்டரில் வைத்து 2005-ம் ஆண்டுக் கேமராவில் செருகிப் பார்த்துவிட்டு, கார்டு எரர் என்று திரையில் வந்ததும் கேமரா போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்தக் கேமரா தயாரானபோது அப்படியொரு கார்டே கிடையாது. அதேபோல, 2005 வாக்கில் வாங்கிய ரீடர் பிற்காலத்துப் பெரிய கார்டுகளைப் படிக்காது. ரீடரைப் பொறுத்தவரை புதியதே நல்லது.

கேனான் இ.ஓ.எஸ். 300டி, நிக்கான் டி70 போன்ற அக்கால எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இருந்தது காம்பாக்ட் ஃப்ளாஷ் என்ற, எஸ்.டி.யைவிடப் பெரிய கார்டு. தொழில்முறைக் கேமராக்கள் அண்மைக் காலம் வரை இதைப் பயன்படுத்தியதால் ரீடர் இன்னும் விற்பனையில் இருக்கிறது. செருகும்போது மட்டும் பதற்றப்படாமல் நேராகச் செருகுங்கள். ரீடருக்குள் ஊசிபோல 50 பின்கள் நிற்கின்றன. கார்டைச் சாய்த்து அழுத்தினால் அவை வளைந்துவிடும்.

சோனி கேமராக்களில் 1998 முதல் மெமரி ஸ்டிக் என்ற தனி வகை. 2010 வாக்கில்தான் சோனி எஸ்.டி. கார்டையும் பரவலாக ஏற்கத் தொடங்கியது. மெமரி ஸ்டிக்கிலேயே நீளமானது, குட்டையான டுவோ, வேகமான ப்ரோ என்று பிரிவுகள் உண்டு. ரீடர் வாங்கும்போது கார்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே சரி. ஒலிம்பஸும் ஃபியூஜி ஃபிலிமும் 2002-ல் கொண்டுவந்த எக்ஸ்.டி. கார்டுக்குத்தான் சிரமம் அதிகம். அந்த வகை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் பெரும்பாலான புது ரீடர்களில் அதற்கு இடம் வைப்பதில்லை. அதற்கும் முந்தைய, காகிதம்போல மெல்லிய ஸ்மார்ட் மீடியா கார்டு இன்னும் அரிது. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சாமான் கடைத்தெருக்களில் பழைய 'ஆல் இன் ஒன்' ரீடர் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும் முன் எக்ஸ்.டி. என்ற குறி அதன்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் கேபிள் வழிதான்.

வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாதவர்கள் போனை வைத்தே இதைச் செய்யலாம். வெளிச் சாதனங்களை இணைக்க உதவும் ஓ.டி.ஜி. வசதியுள்ள ஆண்ட்ராய்டு போனில் டைப்-சி கார்டு ரீடரைச் செருகினால் ஃபைல்ஸ் செயலியில் கார்டு திறக்கும். ஐபோனிலும் 2019-ல் வந்த ஐ.ஓ.எஸ். 13 முதல் இது முடியும்.

கார்டைத் திறந்ததும் 'டி.சி.ஐ.எம்.' என்ற கோப்புறை தெரியும். எல்லா நிறுவனக் கேமராக்களிலும் இதே பெயர்தான். 1998-ல் ஜப்பானிய நிறுவனங்கள் கூடி வகுத்த பொது விதி அது. அதற்குள் 100 என்ற எண்ணில் தொடங்கும் பெயர்களோடு கிளைக் கோப்புறைகள் இருக்கும். சில கேமராக்கள் படம் பெருகப் பெருக 101, 102 என்று புதிது புதிதாகத் திறந்துகொண்டே போகும். முதல் கோப்புறையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

கார்டில் இல்லாத படங்கள்

இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கோடாக் ஈஸிஷேர் மாதிரியான பல சிறு கேமராக்களுக்குள் 16 எம்.பி., 32 எம்.பி. என்று சிறு உள்நினைவகம் உண்டு. கேமரா வாங்கிய புதிதில், தனியாகக் கார்டு வாங்குவதற்கு முன்பு எடுத்த படங்கள் அதில்தான் பதிந்திருக்கும். பிறகு கார்டு போட்டதும் கேமரா கார்டை மட்டுமே காட்டும், உள்நினைவகத்தை மறைத்துவிடும். வீட்டில் யாருக்கும் அந்தப் படங்கள் இருப்பதே மறந்துபோயிருக்கும். ஆகவே கார்டு ரீடரில் எல்லாம் எடுத்தாயிற்று என்று கேமராவைத் தூக்கிப் போடுவதற்கு முன், கார்டைக் கழற்றிவிட்டு, கேமராவை ஆன் செய்து, பழைய படங்களைப் பார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். ஏதாவது தெரிந்தால், மெனுவில் 'காப்பி' என்ற வசதி இருக்கும். காலி இடமுள்ள கார்டைச் செருகி, அந்தப் படங்களைக் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத கேமராவானால், கார்டு இல்லாத நிலையிலேயே கேபிளில் இணைக்க வேண்டும்.

கேபிள் வழியில் போவதென்றால்

முதலில் பேட்டரியைப் பாருங்கள். இன்றைய போன் கேபிளில் செருகியதும் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்துப் பெரும்பாலான கேமராக்கள் யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் எடுப்பதில்லை. முழுக்கத் தன் பேட்டரியில்தான் ஓடும். ஏ.ஏ. செல் போடும் கேமராவுக்கு, டி.வி. ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடும் சாதாச் செல் தாங்காது. லென்ஸ் வெளியே வந்ததும் சுருண்டுவிடும். அல்கலைன் செல்லோ, நன்றாகச் சார்ஜ் செய்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லோ போடுங்கள். கேமராவுக்கே உரிய லித்தியம் பேட்டரியானால், பல ஆண்டு கிடந்ததில் அது சார்ஜ் பிடிக்காமல் போயிருக்கலாம். உப்பியிருந்தால் சார்ஜரில் வைக்கவே வைக்காதீர்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். பாதி பேட்டரியில் படங்களை நகர்த்தத் தொடங்கினால் நடுவில் கேமரா அணைந்து, கார்டில் உள்ள கோப்புப் பட்டியலே சிதையும் ஆபத்தும் இருக்கிறது. கேமராவின் மெனுவில் தானாக அணையும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து கேபிள். கேனான் பவர்ஷாட் போன்ற பல கேமராக்களில் இருப்பது ஐந்து பின் கொண்ட மினி யு.எஸ்.பி. போனுக்கு வந்த மைக்ரோவைவிடச் சற்றுத் தடிமனானது. பழைய எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கோடு வந்த கேபிள் பலமுறை அதே வகையாக இருக்கும். வீட்டில் தேடினாலே அகப்படலாம். நிக்கான் கூல்பிக்ஸ் பலவற்றில் தட்டையான எட்டுப் பின் கேபிள். ஒலிம்பஸில் பன்னிரண்டு பின். இவற்றை மாடல் எண் சொல்லி வாங்க வேண்டும். நுழையாத கேபிளை அழுத்தி நுழைக்கக் கூடாது. கேமராவின் போர்ட் உள்ளே உடைந்தால் சரிசெய்வது பெரிய வேலை.

கேபிள் சரியாகப் பொருந்துகிறது, ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிளாக இருக்கலாம். சாதாரண யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் ஓடுகின்றன. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பிகளே இருக்காது. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதே கேபிளில் வேறொரு சாதனத்தை இணைத்துக் கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை.

புது லேப்டாப்பில் டைப்-சி போர்ட் மட்டும் இருந்தால், ஒரு முனை டைப்-சி, மறுமுனை மினி என்று தேடிப் புதுக் கேபிள் வாங்குவதைவிட, பழைய கேபிளையே வைத்துக்கொண்டு டைப்-சி-யைச் சாதா யு.எஸ்.பி. ஆக மாற்றும் சிறு அடாப்டர் ஒன்று வாங்குவது நல்லது. டைப்-சி முனையில் இருக்க வேண்டிய ஒரு மின்தடை மலிவுக் கேபிள்களில் விடுபட்டிருந்தால், லேப்டாப் அந்தப் போர்ட்டுக்கு மின்சாரமே விடாது. நல்ல அடாப்டரில் இந்தத் தொல்லை இல்லை.

செருகுமிடமும் முக்கியம். முதலில், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் எதுவும் இல்லாமல் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகுங்கள். மேஜைக் கம்ப்யூட்டரானால் பின்பக்கப் போர்ட். அப்படியும் அடையாளம் காணவில்லையென்றால், இப்போது நேர்மாறாகச் செய்து பாருங்கள். பழைய யு.எஸ்.பி. 2.0 ஹப் ஒன்றை நடுவில் வைத்து அதில் கேமராவைச் செருகுங்கள். இன்றைய வேகமான யு.எஸ்.பி. 3 போர்ட்டோடு சில பழைய சாதனங்களுக்கு அறிமுகப் பேச்சே ஒத்துப்போவதில்லை. இடையில் இருக்கும் பழைய ஹப் அந்தப் பேச்சைத் தானே நடத்திக்கொடுத்துவிடுகிறது. முரணாகத் தோன்றும், ஆனால் செய்து பார்க்கத் தகுந்த வழி.

கேமரா எந்த மொழியில் பேசுகிறது?

இனி அதிகம் பேர் தடுமாறும் இடத்துக்கு வருவோம். கேபிளில் இணைத்த கேமரா, கம்ப்யூட்டரோடு இரண்டு முறைகளில் ஒன்றில் பேசும். ஒன்று மாஸ் ஸ்டோரேஜ். இந்த முறையில் கேமரா ஒரு பென் டிரைவ் மாதிரி நடிக்கிறது. கம்ப்யூட்டரில் தனி டிரைவ் எழுத்தோடு தெரியும். இன்னொன்று பி.டி.பி. எனப்படும் படப் பரிமாற்ற முறை. 2000 வாக்கில் கேமரா நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தது, பிறகு உலகத் தர விதியாகவும் ஆனது. மாஸ் ஸ்டோரேஜ் முறையில் கிடங்கின் சாவியையே கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுகிறோம். பி.டி.பி. முறை ரேஷன் கடை மாதிரி. கம்ப்யூட்டர் வெளியே நின்று இன்ன படம் வேண்டும் என்று கேட்க வேண்டும், கேமரா உள்ளே போய் எடுத்துவந்து கொடுக்கும்.

இதனால் என்ன ஆகிறது? பி.டி.பி. பேசும் கேமராவுக்கு டிரைவ் எழுத்து கிடையாது. கேனான் பவர்ஷாட் வரிசைக் கேமராக்கள் அப்படித்தான். பென் டிரைவ்போல ஒரு டிரைவ் வரும் என்று எதிர்பார்த்து, வரவில்லை என்பதால் இணைப்பே கிடைக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம். விண்டோஸில் 'திஸ் பிசி' பக்கத்தைத் திறந்து, டிரைவ்களுக்குப் பக்கத்தில் கேமராவின் பெயரோடு தனி ஐகான் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும். அல்லது ஃபோட்டோஸ் செயலியில் 'இம்போர்ட்' என்பதை அழுத்தினால் கேமரா பட்டியலில் வரும்.

சோனி, நிக்கான் போன்ற பல கேமராக்களின் மெனுவில் இந்த முறையைத் தேர்ந்தெடுக்க ஓர் இடம் இருக்கிறது. 'செட்டப்' பகுதியில் யு.எஸ்.பி. என்ற வரியைத் தேடுங்கள். ஒன்றில் வேலை நடக்காவிட்டால் கேபிளைக் கழற்றி, மற்றொன்றுக்கு மாற்றி, மறுபடி இணைத்துப் பாருங்கள். அதே இடத்தில் 'பிக்ட்பிரிட்ஜ்' அல்லது 'பிரிண்ட்' என்று மாறியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அது கம்ப்யூட்டர் இல்லாமல் நேராகப் பிரிண்டரில் செருகிப் படம் அச்சிட 2003-ல் வந்த வசதி. அந்த நிலையில் சில கேமராக்கள் பிரிண்டரைத் தேடிக்கொண்டே இருக்கும். இன்னொரு சின்ன விஷயம்: சில கேமராக்களைப் படம் எடுக்கும் நிலையில் இணைத்தால் பேசாது. படங்களைப் பார்க்கும் பிளேபேக் நிலைக்கு மாற்றி, ஆன் செய்து வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் என்ன சொல்கிறது என்று கேட்பது

இவ்வளவும் செய்து பார்த்து நடக்கவில்லையென்றால், ஊகத்தை நிறுத்திவிட்டு டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் பட்டியலில் அது இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு கேமராவை இணைத்து, பட்டியலில் என்ன மாறுகிறது என்று கவனியுங்கள். கோளாறு எந்த இடத்தில் என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடும்.

பட்டியல் அசையவே இல்லை என்றால், கேமரா இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. கேபிளில் தகவல் கம்பி இல்லை, அல்லது கேமரா ஆன் ஆகவில்லை, அல்லது போர்ட்டில் அழுக்கு அடைத்திருக்கிறது. அறியப்படாத யு.எஸ்.பி. சாதனம் என்று வந்து, பக்கத்தில் 'டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்று இருந்தால், கம்ப்யூட்டர் நீ யார் என்று கேட்டிருக்கிறது, கேமராவிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை. இதற்கும் டிரைவருக்கும் சம்பந்தமே இல்லை. பெயரே தெரியாத சாதனத்துக்கு எந்த டிரைவரைப் போடுவது? பேட்டரி, கேபிள், போர்ட், ஹப் என்று மேலே சொன்னவற்றுக்கே திரும்பிப் போக வேண்டும். இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் பலர் டிரைவர் தேடிப் போய் ஒரு நாளை வீணாக்குகிறார்கள்.

கேமராவின் பெயரே வந்து, அதன்மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் மட்டும்தான் டிரைவர் பிரச்சினை. அதன்மேல் வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி இணையுங்கள். விண்டோஸ் தன்னிடம் உள்ள பொது டிரைவரைத் தானே போட்டுக்கொள்ளும். உங்கள் விண்டோஸ், பெயரின் இறுதியில் 'என்' என்ற எழுத்து கொண்ட ஐரோப்பியப் பதிப்பானால், மீடியா ஃபீச்சர் பேக் என்ற இலவசத் தொகுப்பை விண்டோஸ் அமைப்புகளிலிருந்தே சேர்க்க வேண்டும். மஞ்சள் முக்கோணம் இல்லாமல் 'போர்ட்டபிள் டிவைசஸ்' என்ற தலைப்பின்கீழ்ப் பெயர் சுத்தமாக நின்றால், இணைப்பு சரியாக இருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடம்தான் தவறு.

கேமராவோடு வந்த சிடி எங்கே என்று தேட வேண்டாம். பி.டி.பி. பேசும் கேமராவுக்கு 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. முதலே தனி டிரைவர் தேவைப்படவில்லை. அந்தச் சிடியில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் 98, 2000 காலத்து 32-பிட் டிரைவர். விண்டோஸ் 11-ல் 64-பிட் பதிப்பு மட்டுமே உண்டு. 32-பிட் டிரைவர் அதில் ஏறவே ஏறாது. கட்டாயப்படுத்தி ஏற்ற முயல்வதில் எந்தப் பலனும் இல்லை.

மேக் கம்ப்யூட்டரில் 'இமேஜ் கேப்சர்' என்ற செயலி முன்பே இருக்கிறது. கேமராவை இணைத்ததும் அதைத் திறந்தால் போதும். 2019-ல் வந்த கேட்டலினா பதிப்போடு 32-பிட் மென்பொருள்களை ஆப்பிள் நிறுத்திவிட்டதால், கேமரா நிறுவனம் கொடுத்த பழைய மென்பொருள் திறக்காது. அதன் தேவையும் இல்லை. ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட மேக்புக்கில், 2022-ன் வென்ச்சுரா முதல், புதுச் சாதனத்தை அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். அதைக் கவனிக்காமல் மூடிவிட்டால் கேமரா கண்ணில் படாது.

மிகப் பழைய கேமராவுக்கு

பி.டி.பி. வருவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பேச்சு முறை வைத்திருந்தது. அத்தகைய கேமராவை இன்றைய விண்டோஸுக்குப் புரியவைக்க வழியில்லை. லினக்ஸில் உண்டு. 'லிப்-ஜிஃபோட்டோ-2' என்ற தொகுப்பை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக வளர்த்துவருகிறார்கள். 2,500-க்கும் மேற்பட்ட கேமரா மாடல்களின் பேச்சு அதற்குத் தெரியும். தயாரித்த நிறுவனமே மறந்துவிட்ட கேமராக்களையும் அவர்கள் கைவிடவில்லை. நிஜமாகவே நன்றிக்குரிய உழைப்பு. அதைப் பயன்படுத்த உங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸை நிறுவ வேண்டியதில்லை. உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடக்கி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் முயன்று பார்க்கலாம். இணைத்ததும் கோப்பு மேலாளரிலேயே கேமரா தோன்றிவிடும். கேமராவைப் பிடிக்க முடியவில்லை என்று வேறொரு செயலி புகார் சொன்னால், கோப்பு மேலாளர் அதை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே 'அன்மவுண்ட்' கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

உறவினர் வீட்டில் விண்டோஸ் 7 லேப்டாப் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தால், இதையெல்லாம்விட அது எளிது. இணையத்தில் இணைக்காமல், படங்களை எடுத்துப் பென் டிரைவில் போடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

யு.எஸ்.பி.க்கும் முந்தைய சீரியல் போர்ட் கேமராக்களானால், கார்டு கழற்றக்கூடியதா என்று மட்டும் பாருங்கள். ஃப்ளாப்பியில் படம் பதித்த சோனி மாவிகா யாரிடமாவது இருந்தால், யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. டேப் போடும் வீடியோ கேமரா வேறு கதை. மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) டேப் கேமராக்களில் இருக்கும் யு.எஸ்.பி. போர்ட் பெரும்பாலும் கார்டில் உள்ள நிழற்படங்களை எடுக்கத்தான். டேப்பில் உள்ள காட்சியைத் தரம் குறையாமல் எடுக்க ஃபயர்வயர் இணைப்பு வேண்டும்.

இணைப்பு கிடைத்த பிறகு

பொறுமை வேண்டும். யு.எஸ்.பி. 1.1 காலக் கேமராவின் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். கோப்பாகக் கணக்கிட்டால் நொடிக்கு ஒரு எம்.பி. அளவுக்குத்தான் வரும். 2 ஜி.பி. கார்டு முழுவதையும் எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நின்றுவிட்டதாக எண்ணிக் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

எப்போதும் 'காப்பி' மட்டும் செய்யுங்கள். 'கட்', 'மூவ்' வேண்டாம். கார்டில் படங்களின் பெயரை மாற்றுவதும், கோணல் படத்தைத் திருப்புவதும் கூடாது. எஸ்.டி. கார்டின் ஓரத்தில் இருக்கும் சிறு 'லாக்' நழுவியைக் கீழே தள்ளிவிட்டு ரீடரில் செருகினால் இந்தத் தவறுகள் நேராது. வீடியோக்கள் பழைய மோஷன் ஜேபெக் வடிவில் இருந்து வேறு பிளேயரில் ஓடாவிட்டால் வி.எல்.சி.யில் திறந்து பாருங்கள். படங்களின் தேதி 2000 ஜனவரி 1 என்றோ, வேறு ஏதோ பொருந்தாத நாளாகவோ இருந்தால் படம் கெட்டதாக நினைக்க வேண்டாம். அந்தப் படத்தை எடுப்பதற்கு முன் நெடுநாள் பேட்டரி இல்லாமல் கிடந்து கேமராவின் கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பியிருந்திருக்கும், அவ்வளவுதான்.

கார்டைச் செருகியதும் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கிறது என்றால், ரத்து செய்துவிட்டு முதலில் வேறொரு ரீடரில் போட்டுப் பாருங்கள். கார்டின் தங்க நிறத் தொடுமுனைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் மெல்லத் துடையுங்கள். அப்படியும் அதே கேள்வி வந்தால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்புப் பட்டியல் அழிந்த கார்டிலிருந்தும், பட்டியலைப் பொருட்படுத்தாமல், படத்துக்குரிய அடையாளங்களைத் தேடியெடுக்கும். கார்டை அது படிக்க மட்டுமே செய்கிறது, எதையும் எழுதுவதில்லை. மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். கோப்புப் பெயர்கள் மட்டும் திரும்பி வராது.

கார்டில் எத்தனை கோப்புகள், கம்ப்யூட்டரில் எத்தனை என்று எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஆங்காங்கே சில படங்களைப் பெரிதாகத் திறந்து பார்த்து, பாதிப் படம் சாம்பல் நிறமாக இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு இன்னொரு நகலை வேறொரு டிஸ்க்கிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். அதற்கு அப்புறமும் கார்டை அழிக்க அவசரம் காட்டத் தேவையில்லை. இன்றைய விலையில் 2 ஜி.பி. கார்டை மிச்சப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. கேமராவைத் திரும்ப வைக்கும்போது செல்களைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்ட அல்கலைன் செல் கசிந்து முனைகளை அரித்துவிடும்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது. ஃப்ளாஷ் கார்டு மின்னூட்டமாகத்தான் படத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசிந்து குறைகிறது.